நானூறு அடி ஃபிலிமும் ஒரு ராகிக் கொல்லையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேன்கனிக்கோட்டைத் தாலுகாவில் பிறந்து, ராகிக் களி தின்று வளர்ந்து, யானை புகுந்த கொல்லைகளைக் கண்ணால் பார்த்தவனாகிய நான், என் கையாலேயே இப்படி எழுதினேன்: "யானை கொல்லைக்குள் நுழைகிறது. குடியானவர்கள் கைகூப்பி நின்று கண்ணீர் வடிக்கிறார்கள்." எழுதியதோடு நின்றேனா? நன்றாக வந்திருக்கிறது என்று வாய்விட்டு ஒரு முறை படித்து, நானே கொஞ்சம் அழவும் செய்தேன். மடையர்களில் பல ரகம் உண்டு. சொந்த ஊரைப் பற்றித் தானே பொய் எழுதி அதைத் தானே நம்புகிறவன் முதல் ரகம்.

போன மாதம் டி.வி. தொடர் எடுக்கிற நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வசனம் எழுதிய அனுபவத்தைப் பேச வேண்டுமாம். காபி குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார்.

"சார் டைரக்‌ஷனும் பண்ணியிருக்கீங்களாமே?"

"பண்ணியிருக்கேன்."

"எத்தனை படம் சார்?"

"படம் இல்லை தம்பி. ஷாட்."

"எத்தனை ஷாட்?"

"ஒண்ணு."

அடக்கம் என்று நினைத்துக்கொண்டு நாலு பேரும் சிரித்தார்கள். பிறகு, "இப்ப அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை சார். வீடியோ டேப்புதானே, சரியா வரலேன்னா அதன்மேலேயே திரும்ப எடுத்துக்கறோம்" என்றார்கள். அவர்கள் போனபின் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதன்மேலேயே திரும்ப எடுப்பதாம்! அந்த வசதி ஐம்பதுகளில் ஜவளகிரிக் காட்டோரத்தில் எனக்கு இருந்திருந்தால், இன்று உங்கள் வீட்டுச் சுவரில் என் படம் தொங்கியிருக்கும். சரி, என் வீட்டுச் சுவரிலாவது.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளி இறுதி வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. ஒரு நாடகக் கம்பெனியில் ராஜா படிக்கிற ஓலைகளை எழுதிக் கொடுத்தேன். ராஜா வேஷக்காரருக்கு எழுத்து தெரியாததால் நான் என்ன எழுதினாலும் அவர் தன் இஷ்டத்துக்குத்தான் படிப்பார். எழுத்தாளனின் இடம் எது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. பிறகு சென்னை. ஒரு ஸ்டுடியோவின் கதை இலாகாவில் கார்பன் தாள் வைத்து வசனப் பிரதி எடுக்கும் வேலை. ஆறு பிரதி. ஆறாவது பிரதியில் எழுத்து தெரியாது, அதைத்தான் கதாநாயகனுக்குக் கொடுப்போம், அவர் படிக்கப் போவதில்லை என்பதால். அப்படியே மூன்று வருஷம் போய், டைரக்டர் வைத்தியலிங்கத்திடம் வசன உதவியாளனாகச் சேர்ந்தேன். என் பெயர் அதோடு போயிற்று. செட்டில் எல்லோருக்கும் நான் "வசனம்".

வைத்தியலிங்கம் கும்பகோணத்துக்காரர். குள்ளம், வெள்ளைக் கதர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச். நாம் காட்சியைப் படிக்கும்போது பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிடித்திருந்தால் "அடுத்தது" என்பார். பிடிக்கவில்லை என்றால் "காபி" என்பார். அதற்குமேல் விமரிசனம் கிடையாது. ஒரு நாளில் ஒன்பது காபி கொண்டுவரச் சொல்லி என்னை அழ வைத்திருக்கிறார்.

அப்போது ஃபிலிம் சுருளுக்குப் பஞ்சம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்தாலும் அளந்துதான் கிடைக்கும். எங்கள் முதலாளி எல்லாவற்றுக்கும் கொரியாச் சண்டையைக் காரணம் சொல்வார். சுருள் வரவில்லையா, கொரியாச் சண்டை. சம்பளம் தள்ளிப் போகிறதா, கொரியாச் சண்டை. சாம்பாரில் பருப்பு குறைந்தாலும் அங்கே யாரோ சுட்டிருப்பார்கள். சண்டை முடிந்த சேதி ரேடியோவில் வந்த பிறகும் எங்கள் கம்பெனியில் மட்டும் அது இரண்டு வருஷம் நடந்தது.

அதனால் வைத்தியலிங்கம் ஒரு முறை வைத்திருந்தார். ஃபிலிம் போடாத கேமராவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷாட்டையும் ஆறு தரம் நடிக்க வைப்பார். நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும் என்று கணக்கு. ஆறாவது ஒத்திகையில் ஸ்டாப்வாட்ச் என்ன சொல்கிறதோ அத்தனை அடிக்குத்தான் ஃபிலிம். பிறகு ஒரே டேக். அவர் "கட்" சொல்லும்வரை இடி விழுந்தாலும் கேமராமேன் ஜோசப் நிறுத்தக் கூடாது. ஒரு தரம் செட்டில் உண்மையாகவே தூண் விழுந்தது. ஜோசப் விழுந்த தூணையும் எடுத்தார். அது படத்தில் பூகம்பமாக இருக்கிறது.

இந்த நிலையில்தான் நான் முன்னே சொன்ன காட்சியை எழுதினேன். மாறுவேடத்தில் வந்த இளவரசன், மதம் பிடித்த யானையை ஒரு பாட்டுப் பாடி அடக்குகிறான். ஊரே அவன் காலில் விழுகிறது. வைத்தியலிங்கம் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நீ அந்தப் பக்கத்துக்காரன்தானே? ஆனை வந்தா உங்க ஊர்க் குடியானவன் என்னய்யா செய்வான்?"

"அழுவான் சார்."

"வேற?"

"கைகூப்புவான் சார்."

"பாத்திருக்கியா?"

"ஊர்ல பொறந்தவன் சார் நான்!"

இது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் குடியானவனே யானையைத் துரத்திவிட்டால் இளவரசனுக்கு அந்த ஊரில் என்ன வேலை? பாட்டை எங்கே வைப்பது? நம் சினிமாவில் யாராவது ஒருவர் காப்பாற்ற வேண்டும் என்றால் மற்ற ஐம்பது பேருக்கும் கை கால் விளங்காமல் இருந்தாக வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அடுத்தது" என்றார். ஊர்க்காரன் சொல்கிறான் என்று நம்பினார், பாவம்.

வெளிப்புறக் காட்சிக்கு ஓசூர் வந்து பங்களாவில் தங்கினோம். தளிக்கு அப்பால், ஜவளகிரிக்குப் போகிற வழியில், கதிர் முற்றிய ஒரு ராகிக் கொல்லையை முதலாளி பயிரோடு விலை பேசி வாங்கினார். யானை மிதிப்பதற்கென்றே. பயிர் ஒரே தரம்தான் மிதிபடும். மிச்சமிருந்த ஃபிலிமும் நானூறு அடிதான். நாலரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அந்தக் காட்டுப் பக்கத்துக் கொசு கும்பகோணத்து ரத்தத்தை வெகுவாக ரசித்திருக்க வேண்டும். படப்பிடிப்புக்கு முதல் நாள் வைத்தியலிங்கத்துக்குக் குளிர் காய்ச்சல். இரண்டு கம்பளிக்குள்ளிருந்து ஸ்டாப்வாட்ச் மட்டும் வெளியே வந்தது.

"நீ எடு."

"நானா சார்?"

"எழுதினவன் நீதானே."

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் யானையை மறுநாள் ஒரு நாளைக்குத்தான் வாடகைக்குப் பேசியிருந்தது. வெளியே என்னைத் தனியே கூப்பிட்டார். "வசனம், இது மட்டும் ஒழுங்கா வந்துட்டா அடுத்த படம் உன் பேர்லதான். சனங்க அழணும். தியேட்டர்ல பொம்பளைங்க முந்தானை நனையணும். அது இல்லேன்னா நீ பழையபடி கார்பன் தாளுக்கே போயிடலாம்" என்றார். அன்று மத்தியானமே "டைரக்‌ஷன்" என்று போட்டு என் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். இனிஷியல் வைத்தால் அழகா, வைக்காவிட்டால் அழகா என்பதில் மட்டும் குழப்பம்.

மறுநாள் காலை ஊர் சனங்கள் ஐம்பது பேர் வந்தார்கள். தங்களுக்குள் தெலுங்கு, ஆட்டுக்காரர்களோடு கன்னடம், என்னோடு தமிழ். கொல்லையை விற்ற லட்சுமக்காதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. நாற்பது வயசிருக்கும். கையில் அரிவாள் இல்லாதபோதும் இருப்பது போலவே நிற்பாள். அவளுடைய தாய் வீடு எங்கள் ஊர். என்னைப் பார்த்ததும், "அட, நீ கோட்டைப் பையன்தானே? கால்சட்டையெல்லாம் போட்டுக்கினு ஆபீசர் கணக்கா கீறியே!" என்றாள். மேற்கொண்டு மானம் போகுமுன் நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

வைத்தியலிங்கத்தின் முறையில் ஒரு எழுத்தும் பிசகவில்லை. ஆறு ஒத்திகை. யானை வந்து சேரவில்லை என்பதால், உதவி டைரக்டர் பசவராஜ் கறுப்புக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு யானையாக நடித்தார். மாண்டியாக்காரர், ஒட்டடைக் குச்சி உடம்பு. கொல்லை ஓரமாகக் குனிந்து நடந்து, ஒரு கையைத் துதிக்கையாக ஆட்டினார்.

"அழுங்க!" என்று தகர மெகாபோனில் கத்தினேன்.

முதல் தரம் ஐம்பது பேரும் சிரித்தார்கள். ஒரு கிழவர் பசவராஜுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். இரண்டாம் தரம் பாதிப் பேர் சிரித்தார்கள். நாலாவது தரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. லட்சுமக்கா கைகூப்பினாள், உதடு நடுங்கிற்று, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிற்று. அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் அழ, அவர்களைப் பார்த்து மற்றவர்கள் அழ, ஐந்தாவதிலும் ஆறாவதிலும் ஐம்பது பேரும் கதறினார்கள். கம்பளிக்குள்ளிருந்த பசவராஜும் அழுதார். அவருக்கு முதுகுவலி.

"அக்கா, எப்படி அழுதீங்க?"

"போன வருசம் மழை பேயலியே, அத்த நெனச்சிக்கினேன்."

நடிப்புக் கலையின் ரகசியம் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். ஸ்டாப்வாட்ச் மூன்று நிமிஷம் நாற்பது விநாடி காட்டியது. எல்லாம் கச்சிதம். தளியைத் தாண்டி ஒலிப்பதிவு வண்டி ஏறாததால் இது ஊமை ஷாட்தான். அப்படியும் மூன்று பக்கம் வசனம் எழுதியிருந்தேன் என்பதைக் கூச்சத்தோடு சொல்லிவைக்கிறேன்.

பத்து மணிக்கு யானை வந்தது. மைசூர்ப் பக்கத்து ஒரு மடத்து யானை, கௌரி என்று பெயர். பொம்பளை யானை. பரம சாது. எதிரே யார் வந்தாலும் தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்யும். நெற்றியில் இருந்த விபூதிப் பட்டையை அரை மணி நேரம் தேய்த்துக் கழுவினோம். மதயானைக்குத் தந்தம் வேண்டுமே, காகிதக் கூழில் செய்த இரண்டு தந்தங்களைக் கயிற்றால் கட்டினோம். பாகன் கயிற்றைப் பார்த்துவிட்டு, "அவமானமாயிருக்கு" என்றான். யானைக்கா தனக்கா என்று சொல்லவில்லை.

எல்லாம் தயார். வலது பக்கப் பாறைக்குப் பின்னால் நம் கதாநாயகன், உதட்டுச் சாயத்தோடு. இடது பக்கம் ஐம்பது பேர், கைகூப்பி. நடுவில் கொல்லை. பின்னால் முதலாளி நாற்காலியில். நான் ஜோசப்பைப் பார்த்தேன். "ஸ்டார்ட்" என்றேன். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு இனிப்பான வார்த்தையை நான் சொன்னதில்லை, கல்யாணத்தின்போது உட்பட.

கௌரி கொல்லைக்குள் கால் வைத்தது. மடத்தில் அளந்து போட்ட சோறு தின்று வளர்ந்த ஜீவன். முற்றிய பச்சை ராகிக் கதிரை அது முன்பின் பார்த்ததில்லை. ஒரு கொத்தைப் பிடுங்கி வாயில் வைத்தது. ஒரு கணம் நின்றது. பிறகு, அத்தனை வருஷமும் தன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்ட மாதிரி தின்ன ஆரம்பித்தது பாருங்கள்! பாகன் காதுக்குப் பின்னால் உதைத்தும் பயனில்லை. வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, மடக் மடக்கென்று.

சனங்கள் கைகூப்பியபடிதான் இருந்தார்கள். லட்சுமக்காவின் உதடு நடுங்கிற்று. வருகிறது, அழுகை வருகிறது என்று நான் மெகாபோனைக் கடித்துக்கொண்டு நின்றேன். வந்தது அழுகையில்லை.

"அய்யய்யோ, திங்குதுடீ!"

கூப்பிய கை பிரிந்தது. பிரிந்த கையில் ஒரு கல் இருந்தது. எப்போது குனிந்தாள், எப்போது எடுத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த நொடி ஐம்பது பேரும் பிரிந்து, பழகிய சிப்பாய்கள் போல மூன்று பக்கம் வளைத்தார்கள். "தோலண்டிரா!" என்று தெலுங்கில் ஒருவன், "ஓடிஸ்ரோ!" என்று கன்னடத்தில் ஒருவன், இரண்டுக்கும் துரத்து என்றுதான் அர்த்தம், தமிழில் சொன்னதை இங்கே எழுத முடியாது. எங்கள் காலி ஃபிலிம் டப்பாக்கள் மேளமாயின. வாழைப்பழம் கொடுத்த கிழவர் இடுப்பிலிருந்து கவணை எடுத்தார். படப்பிடிப்புக்கு வந்த மனிதர் கவணோடு ஏன் வந்தார்? அந்த ஊரில் வேட்டியோடு கவணும் உடுப்பில் சேர்த்தி. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இரண்டு வரியை எழுதினேன்.

கௌரி பயந்துபோய் தும்பிக்கையைத் தூக்கி எல்லோரையும் ஆசீர்வதித்துப் பார்த்தது. செல்லுபடியாகவில்லை. திரும்பி ஓடிற்று. ஒரு தந்தம் அவிழ்ந்து விழுந்தது. ஓடின திசையில்தான் பாறை. பாட்டோடு வெளியே வர வேண்டிய கதாநாயகன் பாட்டில்லாமல் வெளியே வந்து, யானைக்கு முன்னால் நல்ல இடைவெளி விட்டு ஓடினார்.

இப்போது "கட்" சொல்ல வேண்டிய ஆள் யார்? நான்தான். மெகாபோன் எங்கே? என் வாயில்தான். ஆனால் கௌரி கொல்லை வரப்பைத் தாண்டி, விலைக்கு வாங்காத பக்கத்துக் கொல்லைக்குள் ஒரு காலை வைத்தது. எது வாங்கிய கொல்லை, எது வாங்காத கொல்லை என்று யானைக்கு யார் சொல்வது? என் அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது. "கட்" இல்லை.

"ஓஓஓய்! அந்தப் பக்கம் வுடாதே! மடக்கு, மடக்கு!"

சொன்னதும் இல்லாமல் ஓடினேன். கால்சட்டை, தொப்பி, மெகாபோன் சகிதமாகக் கேமராவுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, லட்சுமக்காவுக்கு வலப்பக்கம் சேர்ந்துகொண்டு, ஒரு மடத்து யானையை மைசூர் திக்கில் அரை பர்லாங்கு துரத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் தொழில் வாழ்க்கையில் நான் அவ்வளவு மனப்பூர்வமாக எதையும் செய்ததில்லை.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். சென்னையில் அந்தச் சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் ஐம்பது பேர் அற்புதமாகப் போரிடுகிறார்கள், நடுவில் தொப்பி வைத்த ஒரு பைத்தியம் குழாய் ஊதுகிறது, கதாநாயகன் ஓரத்தில் சின்னதாகி மறைகிறார். வைத்தியலிங்கம் காய்ச்சல் இறங்கி வந்திருந்தார். இரண்டு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். விளக்கு எரிந்ததும் என்னைப் பார்க்காமல், "காபி" என்றார். இளவரசன் அந்தப் படத்தில் யானைக்குப் பதிலாக ஒரு காளையை ஸ்டுடியோவுக்குள் வைத்தே அடக்கினார். நான் கார்பன் தாளுக்கு நடுவே முப்பது வருஷம் வசனம் எழுதி ஓய்வு பெற்றேன்.

ஆனால் அன்று கொல்லையில் திரும்பி வந்து நின்றபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கிக்கொண்டு கேமரா பக்கம் போனேன். ஜோசப் அப்போதும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"யோவ், நிறுத்தலையா?"

"நீங்க கட் சொல்லலியே சார்."

"கட்! கட்! எவ்வளவு மிச்சம்?"

"அறுபது அடி."

அறுபது அடி என்றால் நாற்பது விநாடி. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். என் மூளை கிடுகிடுவென்று வேலை செய்தது. யானையே வேண்டாம். கொல்லையே வேண்டாம். முகம் மட்டும் போதும். நாற்பது விநாடி அழுத முகம் கிடைத்தால், யானை தின்பதை ஒட்டி, இந்த அழுகையை ஒட்டி, ஓட்டத்தைக் கத்தரித்து எறிந்துவிடலாம். முந்தானை நனையும். அடுத்த படம் என் பெயரில்.

"முதலாளி, போகாதீங்க! ரெண்டே நிமிஷம்!" என்று கத்திவிட்டு ஓடினேன். அவர் வண்டிப் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

வரப்பில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கும்மாளம். கிழவர் காகிதத் தந்தத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். பசவராஜ் யானையாக நடித்ததை ஒருவன் நடித்துக் காட்ட, பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் லட்சுமக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வியர்வையும் மண்ணுமாக, முகமெல்லாம் வெளிச்சம்.

"அக்கா, ஒரே ஒரு தரம். அந்தக் கேமராவைப் பாத்துக் கைகூப்பி அழுதுடுங்க. நாற்பது எண்ணறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"யாரு, நானா?"

"நீங்கதான். காலையில அழுதீங்களே, அதே மாதிரி. அந்த மழையை நெனச்சுக்குங்க."

அவள் பாவம், முயற்சி செய்தாள். கைகூப்பினாள். கண்ணை இறுக மூடினாள். உதட்டைக் கடித்தாள். ஜோசப் குனிந்து கண்ணை வைத்தார். அப்போது வரப்பில் யாரோ என் குரலில், "ஓஓஓய், மடக்கு!" என்றான். அவள் தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்று நினைத்து நான் கையைத் தூக்கினேன். சிரிப்பு.

"அக்கா, விளையாட்டு இல்லைக்கா. நீங்க அழுதாத்தான் நான் டைரக்டர். அதோ பாருங்க, அந்த ஆளு வண்டியில ஏறினா என் பொழப்பு போச்சு. உங்க தாய் வீட்டு ஊர்க்காரன் கேக்கறேன். கால்ல விழட்டுமா?"

விழுந்தும்விட்டேன் என்று நினைக்கிறேன். அந்தக் கால்சட்டையின் முட்டியில் ராகிக் கொல்லை மண் வெகுநாள் இருந்தது. அவள் சிரிப்பை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மிதிபட்டது போக நின்றுகொண்டிருந்த பயிரைப் பார்த்தாள். உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினாள்.

"ஆனையத்தான் ஓட்டிட்டமே, அழுவ எங்கிருந்துப்பா வரும்?"